இருமுனை வரிசையின் வரலாறு

கணினி இயலில் செய்திகளை ஒழுங்குபட வைத்துக்கொள்வதற்கு வகுக்கப்பட்ட முறைகள் பல. அவற்றுள் எளியவையும் பழையவையும் இரண்டு. ஒன்று அடுக்கு, மற்றொன்று வரிசை. சமையற்கட்டில் கழுவி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தட்டுகள் அடுக்குக்கு எடுத்துக்காட்டாகும். கடைசியாக வைத்த தட்டே முதலில் கைக்கு வரும். அஞ்சலகத்தில் முத்திரைத்தலை வாங்க நிற்போர் நிரை வரிசைக்கு எடுத்துக்காட்டாகும். முதலில் வந்தவரே முதலில் செல்வார். அடுக்குக்கு வாயில் ஒன்றே. வரிசைக்கோ நுழைவாயில் ஒன்றும் வெளிவாயில் ஒன்றுமாக இரண்டு உண்டு.

இவ்விரண்டின் இயல்பையும் தன்னுள் அடக்கிய மூன்றாவது அமைப்பே இருமுனை வரிசை. இதன் முன்முனையிலும் சேர்க்கலாம், பின்முனையிலும் சேர்க்கலாம். இரு முனைகளிலிருந்தும் எடுக்கவும் செய்யலாம். இதன் இலக்கணம் இவ்வளவே. ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் இதனைச் சில நிமிடங்களில் விளக்கிவிடலாம். ஆயினும், இதனைக் கணினி மொழிகளில் பழுதற அமைக்கும் முயற்சி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. பேரறிஞர் சிலரும் இதில் இடறியிருக்கின்றனர். சொல்வதற்கு இத்துணை எளிய ஒன்று, செய்வதற்கு ஏன் அரிதாயிற்று? இவ்வமைப்பின் வரலாற்றை நோக்கினால் விடை கிடைக்கிறது. முனைகள் ஒன்றுக்கொன்று எட்ட இருக்கும்வரை தொல்லை சிறிதே. அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் தொல்லை அனைத்தும் பிறக்கின்றன.

அடுக்கும் வரிசையும்

இருமுனை வரிசையின் வரலாற்றை அதன் பெற்றோரிடமிருந்தே தொடங்குதல் முறை. அடுக்கு என்னும் கருத்தைக் கணினிக்கு முதலில் எடுத்துரைத்தவர் ஆங்கில அறிஞர் ஆலன் டூரிங். அவர் 1945-ஆம் ஆண்டின் இறுதியில் எழுதி, 1946-இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின்முன் வைக்கப்பட்ட அறிக்கையில், ஒரு பணியின் இடையே துணைப்பணி ஒன்றுக்குச் சென்று மீள்வதற்கு வழி கூறினார். திரும்பி வரவேண்டிய இடத்தின் குறிப்பைப் புதைத்தல், பின்பு தோண்டியெடுத்தல் என்று பொருள்படும் சொற்களை அவர் அதற்குப் பயன்படுத்தினார். கடைசியாகப் புதைத்ததே முதலில் வெளிவரும் என்பதால் அஃது அடுக்கேயாகும்.

பின்னர், ஜெர்மனியின் மியூனிக் நகரில் கிளாவ்ஸ் சாமெல்சன், பிரீடரிக் பவுர் ஆகிய இருவரும் கணிதத் தொடர்களைக் கணினி படித்துப் பொருள் கொள்வதற்கு அடுக்கினைக் கையாண்டு, 1957-இல் அதற்குக் காப்புரிமை கோரினர். அவர்கள் அதற்கு இட்ட ஜெர்மானியப் பெயருக்கு நிலவறை என்பது பொருள். அதே 1957-இல் ஆஸ்திரேலியாவில் சார்ல்ஸ் ஹாம்பிளின் என்பவரும் தனித்து நின்று இக்கருத்தை எட்டினார். தேவை ஒன்றாக இருக்கும்போது, தொலைதூர நாடுகளில் உள்ளோரும் ஒரே முடிவுக்கு வருதல் அறிவியல் வரலாற்றில் அடிக்கடி காணப்படுவதே.

வரிசையின் கணித ஆராய்ச்சி கணினிக்கும் முந்தியது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்பவர், தொலைபேசி அழைப்புகள் வரும் முறையைக் கணக்கிட்டு 1909-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். காத்திருத்தலைப் பற்றிய கணித இயல் அவரிடமிருந்தே வளர்ந்தது. கணினி தோன்றியபின், காத்திருக்கும் பணிகளை வந்த முறையில் செய்து முடிக்க வரிசை இன்றியமையாததாயிற்று.

பெயர் பெறுமுன் பிறந்த பிள்ளை

பொருள் முதலில் தோன்றும். பெயர் பிறகு வரும். இருமுனை வரிசைக்கும் அவ்வாறே நிகழ்ந்தது.

1950-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் ஆகிய மூவரும் பிணைப்புப் பட்டியல் என்னும் முறையை உருவாக்கினர். செய்திகளை நினைவகத்தில் அடுத்தடுத்த அறைகளில் வைக்க வேண்டுவதில்லை. ஒவ்வோர் உறுப்பும் தனக்கு அடுத்த உறுப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரியைத் தன்னுடன் வைத்திருந்தால் போதும். இம்முறையில் முன்னிருந்து பின்னுக்குச் செல்லலாம். பின்னிருந்து முன்னுக்கு வர வழியில்லை. ஆகையால், பின்முனையில் உள்ள உறுப்பை எடுத்துவிட்டால், அதற்கு முந்தியது எது என்று அறிய மீண்டும் தலையிலிருந்து நடந்து வரவேண்டும்.

இக்குறையை நீக்கியவருள் ஜோசப் வைசன்பாம் குறிப்பிடத்தக்கவர். அவர் 1963-இல் 'சிலிப்' என்னும் பட்டியல் முறையை வெளியிட்டார். சமச்சீர்ப் பட்டியல் முறை என்பது அப்பெயரின் பொருள். இதில் ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்தியதன் முகவரியையும் பிந்தியதன் முகவரியையும் வைத்திருக்கும். எனவே இரு திசையிலும் செல்லலாம். மேல்முனையில் சேர்த்தல், கீழ்முனையில் சேர்த்தல், மேல்முனையில் எடுத்தல், கீழ்முனையில் எடுத்தல் என்னும் நான்கு செயல்களுக்கும் அம்முறையில் தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. இருமுனை வரிசைக்கு வேண்டியவை அந்த நான்கே. மனிதருடன் உரையாடுவதுபோல் விடையளித்துப் புகழ்பெற்ற 'எலிசா' என்னும் நிரலை வைசன்பாம் பின்னர் இம்முறையைக் கொண்டே எழுதினார். அந்நிரலைப் பற்றிய கட்டுரை 1966-இல் வெளிவந்தது.

ஆசிரியர் இட்ட பெயர்

இவ்வமைப்புக்கு ஆங்கிலத்தில் 'டெக்' என்னும் பெயரை ஆக்கியவர் எர்ல் ஷ்வெப்பே. அமெரிக்கக் கணினிச் சங்கம் 1968-இல் பல்கலைக்கழகங்களுக்கென ஒரு கணினிக் கல்வித் திட்டத்தை வெளியிட்டது. அதனை வகுத்த குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். ஆங்கிலத்தில் இருமுனை வரிசை என்று பொருள்படும் நீண்ட தொடரைச் சுருக்கி அவர் இச்சொல்லை அமைத்தார்.

இப்பெயரை உலகறியச் செய்தவர் டொனால்டு நூத். நிரலாக்கக் கலையைப் பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1968-இல் வெளிவந்தது. அடுக்கு, வரிசை, இருமுனை வரிசை ஆகிய மூன்றையும் ஒரே பகுதியில் அடுத்தடுத்து வைத்து அவர் விளக்கினார். சீட்டுக்கட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் 'டெக்' என்றே ஒலிக்கும். சீட்டுக்கட்டின் மேலிருந்தும் அடியிலிருந்தும் சீட்டை எடுக்கலாம் அல்லவா? இவ்வொப்புமையையும் நூத் சுட்டிக்காட்டினார்.

அந்நூலில் அவர் தொகுத்த பெயர்ப்பட்டியல் சொல்லாராய்ச்சியில் நாட்டமுடையார்க்குச் சுவை தருவது. அடுக்குக்கு மட்டும் நிலவறை, குவியல், கூட்டுக் கிடங்கு முதலாகப் பல பெயர்கள் அக்காலத்தில் வழங்கின. நூலில் கட்டிச் சுழற்றும் யோயோ விளையாட்டுப் பொருளின் பெயரும் அவற்றுள் ஒன்று. ஒரு முனையில் மட்டுமே எடுக்கத்தகும் இருமுனை வரிசையை அலமாரித் தட்டு என்றும், ஒரு முனையில் மட்டுமே சேர்க்கத்தகும் இருமுனை வரிசையைச் சுருள் என்றும் சிலர் அழைத்தனர். ஒரு பொருளுக்கு இத்தனை பெயர்கள் தோன்றியதே அதன் சிறப்புக்குச் சான்று என்பது நூத்தின் கருத்து. பலரும் தத்தம் தேவைக்காகத் தனித்தனியே கண்டெடுத்த பொருளுக்குத்தான் பல பெயர்கள் அமையும்.

இருப்புப்பாதையில் ஒரு கணக்கு

இருமுனை வரிசை அடுக்கைவிட எவ்வளவு ஆற்றல் மிக்கது என்பதை அளந்து காட்ட ஒரு வழி உண்டு. நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா, அடுக்கினை இருப்புப்பாதையின் கிளைத்தடத்துக்கு ஒப்பிட்டார். ஒரு முனை அடைபட்ட கிளைத்தடத்தில் புகைவண்டிப் பெட்டிகளைத் தள்ளிவிட்டு, மீண்டும் வெளியே இழுத்து, அவற்றின் ஒழுங்கை மாற்றலாம். கடைசியாக உள்ளே சென்ற பெட்டியே முதலில் வெளிவரும். கிளைத்தடத்தின் இரு முனைகளையும் திறந்து, இரண்டிலும் பெட்டிகள் வந்துபோக வழிசெய்தால் அது இருமுனை வரிசையாகும்.

1 முதல் 4 வரை எண்ணிட்ட நான்கு பெட்டிகள் அம்முறையில் வருகின்றன என்க. நான்கு பெட்டிகளை 24 விதமாக ஒழுங்குபடுத்தலாம். வரிசை வழியே அனுப்பினால் ஒழுங்கு மாறாது; வந்தபடியே வெளிச்செல்லும். அடுக்கின் வழியே அனுப்பினால் 14 ஒழுங்குகளைப் பெறலாம். ஒரு முனையில் சேர்க்கவும் இரு முனைகளில் எடுக்கவும் இசையும் அமைப்பில் 22 கிடைக்கும். முழு இருமுனை வரிசையில் 24-உம் கிடைக்கும். பெட்டிகள் ஐந்தானால் மொத்த ஒழுங்குகள் 120. அப்போது அடுக்கு தருவது 42. ஒருமுனை அடைத்தது தருவது 90. இருமுனை வரிசை தருவது 116. எஞ்சிய நான்கு ஒழுங்குகளை எவ்வளவு முயன்றாலும் பெற இயலாது. இரு வாயில்களும் திறந்தவிடத்தும் எல்லாம் கைகூடுவதில்லை என்பதை இக்கணக்கு காட்டுகிறது. இத்துறையில் வாகன் பிராட் 1973-இல் வெளியிட்ட ஆய்வு பெயர்பெற்றது.

எட்டு அறைகளில் ஓர் அமைப்பு

இனி, இவ்வமைப்பை நிரலில் ஆக்கும் முறையைக் காணலாம். பிணைப்புப் பட்டியல் ஒரு வழி. அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு முகவரிகள் கூடுதலாக வேண்டும். உறுப்புகள் நினைவகத்தில் சிதறிக் கிடக்கும். மற்றொரு வழி, அடுத்தடுத்துள்ள அறைகளைக் கொண்ட அணியில் உறுப்புகளை வைப்பது.

அணியில் வைக்கும்போது, புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் செய்வது ஒன்று உண்டு. முன்முனையில் உள்ள உறுப்பு சென்றவுடன், மற்ற எல்லா உறுப்புகளையும் ஓர் அறை முன்னே நகர்த்துவர். அஞ்சலக வரிசையில் மனிதர் செய்வது அதுதான். மனிதர் தாமே நடப்பர். அதனால் அஞ்சல்காரருக்கு உழைப்பில்லை. கணினியிலோ ஒவ்வோர் உறுப்பையும் கணினியே தூக்கி வைக்கவேண்டும். 1,000 உறுப்புகளை இவ்வாறு ஒவ்வொன்றாக எடுத்து முடிப்பதற்குள் 499,500 முறை நகர்த்தல் நிகழும். முன்முனையில் சேர்ப்பதற்கும் இதே தொல்லை உண்டு.

இதற்கு மாற்று வழி, உறுப்புகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, முனைகளைக் காட்டும் குறிகளை மட்டும் நகர்த்துவது. எட்டு அறைகளை வட்டமாக அமைத்து 0 முதல் 7 வரை எண்ணிடுக. 7-க்கு அடுத்த அறை மீண்டும் 0. முதல் உறுப்பு இருக்கும் அறையைத் தலைக்குறி காட்டும். பின்முனையில் அடுத்து நிரப்பவேண்டிய அறையை வாற்குறி காட்டும். தொடக்கத்தில் இரு குறிகளும் 0-இல் நிற்கும்.

க, ச, த என்னும் மூன்றைப் பின்முனையில் சேர்த்தால் அவை 0, 1, 2 அறைகளில் அமரும். வாற்குறி 3-க்கு நகரும். இப்போது ப என்பதை முன்முனையில் சேர்க்க வேண்டும். தலைக்குறி 0-இலிருந்து ஓர் அறை பின்வாங்கினால், வட்டத்தில் அது 7-ஆம் அறை. ப அங்கே அமரும். தலைக்குறியிலிருந்து படித்துவந்தால் ப, க, ச, த என்று ஒழுங்கு அமைகிறது. எந்த உறுப்பும் இடம் பெயரவில்லை. எடுப்பதும் அவ்வாறே. முன்முனையில் எடுத்தால் தலைக்குறி ஓர் அறை முன் செல்லும். பின்முனையில் எடுத்தால் வாற்குறி ஓர் அறை பின்வாங்கும்.

வட்டத்தைச் சுற்றிவருவதற்கு வகுத்தலின் மீதியைப் பயன்படுத்துவது வழக்கம். 7-உடன் 1 கூட்டினால் 8. அதை 8-ஆல் வகுத்தால் மீதி 0. முன்னேறுவதற்கு இக்கணக்கு எம்மொழியிலும் பொருந்தும். பின்வாங்குவதில்தான் எச்சரிக்கை வேண்டும். 0-இலிருந்து 1 கழித்தால் −1. அதனை 8-ஆல் வகுத்து மீதி கேட்டால் பைத்தான் மொழி 7 என்று விடை தரும். சி மொழியின் இன்றைய விதிப்படி விடை −1. அப்படி ஓர் அறை வட்டத்தில் இல்லை. ஆகவே சி மொழியில் எழுதுவோர், கழிப்பதற்குமுன் 8-ஐக் கூட்டிக்கொள்வர். கூட்டல் கழித்தலில் தேர்ந்த மாணவனும் தடுமாறும் இடம் இது.

வெறுமையும் நிறைவும்

மேற்கூறிய அமைப்பில் பெரிய சிக்கல் ஒன்று மறைந்திருக்கிறது. எட்டு அறைகளில் நான்கு நிரம்பியிருக்கின்றன. இன்னும் நான்கு உறுப்புகளைப் பின்முனையில் சேர்த்தால் அவை 3, 4, 5, 6 அறைகளில் அமரும். வாற்குறி 7-இல் வந்து நிற்கும். தலைக்குறி நிற்பதும் 7-இலேயே. எல்லா அறைகளும் நிரம்பிய நிலை இது. ஆனால், ஒன்றுமே இல்லாத தொடக்கத்திலும் இரு குறிகளும் ஒரே அறையில்தான் நின்றன. இரு குறிகளையும் மட்டும் பார்த்து, அமைப்பு வெறுமையாக இருக்கிறதா, நிறைந்திருக்கிறதா என்று கூறமுடியாது. ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு நிலைகளுக்கும் ஒரே அடையாளம் அமைந்துவிடுகிறது.

நூத் இதனை 1968-லேயே அறிந்து எழுதினார். வட்ட வரிசைக்கு அவர் தந்த முறையில், குறிகள் ஒன்றையொன்று தொடப்போகும் நிலையிலேயே நிறைந்துவிட்டது என்று அறிவிக்கப்படும். அதனால் ஓர் அறை எப்போதும் காலியாக இருக்கும். எட்டு அறைகள் இருந்தால் ஏழு உறுப்புகளே இடம்பெறும். இதை அவர் நேரே சொல்லிவிடாமல், எத்தனை உறுப்புகள் இடம்பெறும் என்று பயிற்சி வினாவாகக் கேட்டார். அடுத்த பயிற்சி வினா இன்னும் சுவையானது. வரிசைக்குத் தந்த அம்முறையை இருமுனை வரிசைக்கும் விரிவுபடுத்துக என்பது அது. உலகப் புகழ்பெற்ற அந்நூலில் இருமுனை வரிசையை வட்ட அணியில் அமைக்கும் பணி மாணவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. கற்பவன் தானே செய்து பார்த்தாலன்றி இது விளங்காது என்பதைப் பட்டறிவுள்ள ஆசிரியர் எவரும் ஒப்புவர்.

ஓர் அறையைக் காலியாக விடுவது ஒரு தீர்வு. உறுப்புகளின் எண்ணிக்கையைத் தனியே குறித்து வைப்பது இரண்டாவது தீர்வு. எண்ணிக்கை 0 எனில் வெறுமை. 8 எனில் நிறைவு. குறிகள் தொட்டவுடன் அறைகளை இரு மடங்காக்கி, அவற்றைப் பிரித்துவிடுவது மூன்றாவது தீர்வு. இரு மடங்காக்கும்போது எல்லா உறுப்புகளையும் புதிய அணிக்கு மாற்றவேண்டுமே, அது வீண் உழைப்பன்றோ என்று ஐயுறலாம். 8 அறைகளில் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் இரு மடங்காக்கி 1,024 அறைகளை எட்டும்வரை செய்யும் மாற்றங்களைக் கூட்டினால் 1,016 வரும். உறுப்பு ஒன்றுக்குச் சராசரி ஒரு முறைகூட ஆகவில்லை.

மொழிகள் அமைத்த விதம்

இருமுனை வரிசையை ஒவ்வொருவரும் தாமே எழுதிக்கொண்ட காலம் நெடிது. பின்னர் அதனை நிரல்மொழிகளே தம் நூலகத்தில் வைத்து வழங்கத் தொடங்கின. அலெக்சாண்டர் ஸ்டெப்பனோவும் மெங் லீயும் உருவாக்கிய நூலகத்தின் வழியே இது சி++ மொழியை அடைந்தது. அந்நூலகம் 1994-இல் ஏற்கப்பட்டு, 1998-இல் வெளிவந்த தர வரையறையில் இடம்பெற்றது. பைத்தான் மொழியில் 2004-இல் வெளிவந்த 2.4 பதிப்பிலும், ஜாவா மொழியில் 2006-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பிலும் இருமுனை வரிசை சேர்ந்தது.

மூன்று மொழிகளிலும் பெயர் ஒன்றே. உள்ளமைப்போ வேறு வேறு. சி++ மொழியில், சம அளவுள்ள பல தொகுதிகளும் அத்தொகுதிகளின் முகவரிகளைக் கொண்ட ஓர் அணியும் இருப்பது வழக்கமான அமைப்பு. முனையில் புதிய உறுப்பைச் சேர்க்கும்போது பழைய உறுப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பைத்தான், தொகுதிகளை இருபுறமும் பிணைத்த பட்டியலாக வைக்கிறது. முனைகளில் அது விரைவு மிக்கது. நடுவில் உள்ள உறுப்பைக் கேட்டால் தொகுதி தொகுதியாக நடந்து செல்லவேண்டும். ஜாவாவின் அணிவழி இருமுனை வரிசை மேலே விளக்கிய வட்ட அணியே. வட்ட அணியில் நடு உறுப்பையும் உடனே எட்டலாம். பெருக்கும்போது மட்டும் எல்லா உறுப்புகளும் இடம் பெயரும். ஆகவே, பெயரை மட்டும் அறிந்து பயன்படுத்துவோன் ஒரு மொழியில் விரைவாக ஓடிய நிரல் மற்றொரு மொழியில் ஏன் தவழ்கிறது என்று அறியாமல் திகைப்பான்.

வெறுமையும் நிறைவும் பற்றிய பழைய வினா இம்மொழிகளையும் விடவில்லை. ஜாவாவின் 2006-ஆம் ஆண்டு அமைப்பில் இரு குறிகளும் தொட்ட அந்நொடியே அணி இரு மடங்காக்கப்பட்டது. மேலும், அவ்வமைப்பில் 'ஒன்றுமில்லை' என்னும் மதிப்பை உறுப்பாக வைத்தல் கூடாது. ஏனெனில், வெறுமையான வரிசையிடம் உறுப்பு கேட்டால் அது தரும் விடையும் 'ஒன்றுமில்லை' என்பதே. ரஸ்ட் மொழியின் நூலகம் நெடுநாள் ஓர் அறையைக் காலியாக விட்டு வந்தது. 2023-இன் தொடக்கத்திற்குள் அதனை மாற்றி, தலைக்குறியையும் எண்ணிக்கையையும் வைத்துக்கொள்ளும் முறைக்கு வந்தது. 1968-இல் மாணவர்க்கு வைக்கப்பட்ட வினாவுக்கு, 55 ஆண்டுகள் கழிந்தும் வல்லுநர் வேறு விடை தேர்ந்துகொண்டிருந்தனர்.

இருமுனை வரிசையின் பயனையும் ஈண்டுச் சுட்டுதல் தகும். எழுத்துப்பணி செய்யும் நிரலில், செய்ததை மீட்கும் வசதி உண்டு. கடைசியாகச் செய்ததே முதலில் மீட்கப்படும்; எனவே அஃது அடுக்கு. ஆனால் நினைவகம் வரம்புடையது. கடைசி நூறு செயல்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமெனில், நூற்றொன்றாவது வரும்போது மிகப் பழையதை மறுமுனையில் அகற்றவேண்டும். அடுக்கால் அது முடியாது; இருமுனை வரிசையால் முடியும்.

பலர் கைவைத்தபோது

ஒரு கணினிக்குள் பல செயலிகள் ஒருங்கே உழைக்கும் காலம் வந்தபோது இருமுனை வரிசைக்குப் புதிய பணி ஏற்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் புளூமோஃபும் சார்ல்ஸ் லெய்சர்சனும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படையாயிற்று. அம்முறைப்படி ஒவ்வொரு செயலிக்கும் ஓர் இருமுனை வரிசை உண்டு. செயலி தன் பணிகளை ஒரு முனையில் சேர்த்து அதே முனையில் எடுத்துச் செய்யும். வேலையற்ற செயலியொன்று, வேலை மிகுந்த செயலியின் வரிசைக்குச் சென்று மறுமுனையிலிருந்து ஒரு பணியை எடுத்துக்கொள்ளும். இதனை வேலைத் திருட்டு என்று வேடிக்கையாக அழைத்தனர். உரியவர் ஒரு முனையிலும் திருடுபவர் மறுமுனையிலும் நிற்பதால் இருவரும் மோதிக்கொள்வது அரிது. வேலையும் தானே பங்கிடப்படும்.

எஞ்சியிருப்பது ஒரே பணி என்னும்போதுதான் மோதல் நேரும். இரு முனைகளும் அப்போது ஒரே உறுப்பைச் சுட்டுகின்றன. இருவரும் ஒரே நொடியில் அதனை எடுத்தால் ஒரே பணி இருமுறை நடந்துவிடும். 1998-இல் அரோரா, புளூமோஃப், பிளாக்ஸ்டன் ஆகியோர் வெளியிட்ட முறையில், உரியவர் பெரும்பாலும் தடையின்றி எடுத்துச் செல்வார். கடைசிப் பணிக்கு மட்டும், முந்தியவர் ஒருவரே வெல்லும்படியான தனிக் கட்டளையைப் பயன்படுத்துவார். சேஸ், லெவ் ஆகியோர் 2005-இல் இதனைப் பெருகவல்ல வட்ட அணியில் அமைத்தனர். நூத் காலத்து வட்டம் இவ்வாறு பல செயலிகளின் உலகிலும் இடம்பெற்றது.

யாரும் எம்முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் கூடிய முழு இருமுனை வரிசையைப் பல செயலிகளுக்குப் பொதுவாக அமைப்பது இதனினும் அரிது. 2000-ஆம் ஆண்டில் டெட்லெஃப்ஸ், ஷாவிட், ஸ்டீல் முதலிய அறிஞர் குழு அதற்கொரு முறையை வெளியிட்டது. பின்னாளில் அது 'ஸ்நார்க்' எனப் பெயர் பெற்றது. அதற்கு நிரூபணமும் தந்திருந்தனர். அந்நிரூபணத்தை ஒவ்வொரு படியாகக் கணினியைக் கொண்டு சரிபார்க்க முற்பட்டபோது, முறையில் இரண்டு பிழைகள் இருப்பது தெரிந்தது. அவற்றை வெளிப்படுத்திய கட்டுரை 2004-இல் வந்தது. அக்கட்டுரையை எழுதியோர் பட்டியலில், பழைய முறையை ஆக்கியவர்களும் இடம்பெற்றிருந்தனர் என்பது போற்றத்தக்கது. தம் நூலின் வழுவைத் தாமே ஆராய்ந்து உலகுக்கு உரைத்த சான்றாண்மை அது. பின்னர் லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞரும் அம்முறையை வேறொரு சரிபார்ப்புக் கருவியில் இட்டு ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

இப்பிழைகள் சாதாரணச் சோதனையில் எளிதில் புலப்படுவன அல்ல. வரிசையில் உறுப்புகள் பல இருக்கும்போது முனைகள் ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும். ஆயிரம் முறை ஓட்டினாலும் விடை சரியாகவே வரும். உறுப்பு ஒன்றோ இரண்டோ இருக்கும் நிலையில், இரு செயலிகள் குறிப்பிட்ட ஓர் ஒழுங்கில் இடையிட்டு நடந்தால் மட்டும் ஐயம் எழும். இன்று வங்கிக் கணக்கும் மருத்துவமனைப் பதிவும் விமானப் போக்குவரத்தும் கணினியின் கையில் இருக்கின்றன. அரிதாக நேரும் பிழையென்று அதனைப் புறக்கணிக்க இயலாது.

கற்பிப்போர் கொள்ளத்தக்கது

இந்த வரலாறு ஆசிரியர்க்கு உணர்த்துவது தெளிவானது. இன்று மாணவன் ஒருவன் ஒரே வரியில் இருமுனை வரிசையை நூலகத்திலிருந்து அழைத்துப் பயன்படுத்தலாம். அவனுக்கு எட்டு அறைகளைத் தாளில் வரையத் தேவையில்லை என்று தோன்றும். ஆயின், அவ்வட்டத்தை ஒருமுறை தன் கையால் வரைந்து, குறிகளை நகர்த்தி, அவை ஒன்றையொன்று தொடும் நிலையைக் கண்ட மாணவனே ஜாவாவில் 'ஒன்றுமில்லை' ஏன் விலக்கப்பட்டது என்பதை அறிவான். நடு உறுப்பைத் தேடும் பைத்தான் நிரல் ஏன் தாமதிக்கிறது என்பதையும் அவனே அறிவான். தாளும் கரிக்கோலும் எட்டு அவரை விதைகளும் இருந்தால் இப்பாடத்தை எந்தப் பள்ளியிலும் நடத்தலாம், கணினியும் தேவையில்லை.

தமிழில் இதனைக் கற்பிப்போர்க்கு மற்றொரு வசதியும் உண்டு. ஆங்கில மாணவனுக்கு 'டெக்' என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறவேண்டும். இருமுனை வரிசை என்னும் தமிழ்த்தொடரோ தன் இலக்கணத்தைத் தானே சொல்லி நிற்கிறது. அத்தொடரைக் கேட்ட மாணவனிடம் ஆசிரியர் கேட்கவேண்டிய வினா ஒன்றே: அவ்விரு முனைகளும் சந்தித்தால் என்ன ஆகும்? அவ்வினாவுக்கு அவனே விடை காணும்படி செய்தால், பாடத்தின் பெரும்பகுதி முடிந்தது எனலாம்.